தகர டின்னில் எத்தனை காலம்?



ஆகஸ்ட் விடுமுறையில் திருகோணமலை சீனக்குடாப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கிய குடும்பம். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. பெரியம்மாவோ நுவரெலியாவிலிருந்து வந்த டேலியாவுக்குத் தண்ணீர் சுமக்கிறார். அது பிழைக்காது என்று அவருக்கும் தெரியும். ஊர் ஞாபகம், என்ன செய்வது! வேலியோரத்தில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாத நித்தியகல்யாணி பூத்து நின்றது.

திருகோணமலையில் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைதான். மிச்ச மாதங்களைத் தாங்குகிற செடிதான் அங்கே செடி. செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்வில்லா எல்லாம் வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். போகன்வில்லாவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். சாமிக்கு வைக்க நந்தியாவட்டையை விடியலில் பறித்தால் வாடாது. அலரியும் (மலையில் நாம் அரளி என்போம்) வறட்சிக்கு அசையாது. ஆனால் பாலும் விதையும் விஷம். பிள்ளைகளும் ஆடும் உள்ள வளவில் வேண்டவே வேண்டாம். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக இலையைக் கசாயம் வைத்துக் குடிக்காதீர்கள், அதுவும் நஞ்சு.

தடி வெட்டி நடுவதை நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கணுப் பார்த்து வெட்டித் தவறணையில் தேயிலைக் கன்று வளர்த்த கைகள் நம் தாய்மாருடையவை. கவ்வாத்தும் தெரியும். பூ முடிந்ததும் செவ்வரத்தையைக் கவ்வாத்துப் பண்ணினால் புதுக் கொப்பு விட்டுப் பூக்கும்.

சம்பளப் போராட்டத்துக்கு நடுவே பூச்செடியா என்று சில தோழர்கள் சிரிக்கலாம். லயத்து வாசல்களைப் பாருங்கள். பூச்செடி இருக்கிறது, பால்மா டின்னில். ஏன் டின்னில்? மண் நமதில்லை, போ என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். வேர் ஆழப் போகிற செடியை டின்னில் எத்தனை காலம் வைப்பது? 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, வீட்டோடு காணி உறுதியும் கையில் வர வேண்டும் என்று சங்கம் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான். உறுதி இல்லாமல் வீட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு படம் எடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

பெரியம்மா வளவில் வெட்டிய போகன்வில்லாத் தடிகள் ஈரச் சாக்கில் என்னோடு வந்திருக்கின்றன. அடுத்த மாதர் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உறுதி கிடைத்தவர்கள் நிலத்தில் நடுங்கள். கிடைக்காதவர்கள் தடியோடு உங்கள் பெயரையும் லய எண்ணையும் எழுதித் தாருங்கள், மனுவில் சேர்க்க வேண்டும்.