கொடுத்தவனிடமே தண்டல்

பள்ளத்தூரில் என் அடுத்த வீட்டுப் பையனுக்குப் பகலில் சென்னைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம், வீட்டிலிருந்தபடியே பார்க்கிறான். இரவில் அவன் பார்ப்பது சம்பளமில்லாத வேலை. பல தேசத்தவர் கூடி எழுதி, 'யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டிருக்கும் மென்பொருள் ஒன்றில் ஒரு மூலையைப் பராமரிக்கிறான். சென்ற வாரம் விடியற்காலையில் திண்ணையில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தான்.

"தூங்கலையா தம்பி?"

"41 கடிதம் மாமா. எல்லாம் பழைய பிழைங்க. 'இது இன்னும் தீரவில்லை'ன்னு ஒரே வாசகம். எழுதினது மனுஷன் இல்லே, யந்திரம்."

எனக்குக் கோபம் வந்தது. பாக்கியை ஞாபகமூட்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் பேரேட்டைப் பார்த்துத்தான் தண்டலுக்கு ஆள் விட்டார்கள். அந்த ஆள் போனது வாங்கினவன் வாசலுக்கு. கொடுத்தவன் வாசலில் போய் நின்று 'எங்கே பாக்கி?' என்று கேட்கும் விந்தையை இப்போதுதான் பார்க்கிறேன்.

எல்லா யந்திரமும் ஒரே ரகமல்ல. நான் இதை எழுதும் லிப்ரே ஆபீஸில், உறுதியான பிழை ஒன்றை ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாவிட்டால், 'புதிய பதிப்பில் சோதித்துச் சொல்லுங்கள்' என்று புகார் சொன்னவருக்கே மொத்தமாகக் கடிதம் போகிறது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிட்ஹப்பில் பலர் பூட்டி வைத்திருக்கும் 'ஸ்டேல்' யந்திரமோ, வேறு உத்தரவு இல்லாதபட்சத்தில், 60 நாள் பேச்சில்லாத புகாரின்மேல் 'பழசு' என்று முத்திரை குத்தும். மேலும் 7 நாளில் மூடியே விடும். ஓடு ஒழுகுகிறது என்றவன் மறுபடி வந்து கத்தவில்லை என்பதால் ஒழுகல் நின்றுவிட்டதா, ஐயா? சித்திரையில் எந்த ஓடுதான் ஒழுகுகிறது?

'தூண்டாவிட்டால் காரியம் நடக்காது' என்பார்கள். பயர்பாக்ஸில் 2002-இல் பதிவான ஒரு பிழை 2023-இல்தான் தீர்ந்தது. குறிப்புப் பெட்டி ஒன்று மற்ற ஜன்னல்களின்மேல் ஒட்டிக்கொண்டு நின்ற அற்பப் பிழை. புகார் திறந்தே கிடந்ததால்தான் 21 ஆண்டு கழித்தும் ஒருவர் அதை எடுத்துப் பார்க்க முடிந்தது.

நச்சரிப்பின் மறுபக்கத்தையும் கேளுங்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை லாஸ்ஸே காலின் அநேகமாகத் தனி ஆளாகக் காத்துவந்தார். 2022-இல் 'ஏன் தாமதம், வேறு ஆளைப் போடு' என்று சிலர் கடிதமாக எழுதித் துளைத்தார்கள். தமக்கு நெடுநாளாக மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். ஒத்தாசைக்கு வந்ததுபோல் வந்தவன் கையில் சாவி போயிற்று. 2024 பிப்ரவரியில் அதில் கள்ளக் கதவு வைத்தான். உள்நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் துருவிப் பார்த்து மார்ச் 29-இல் உலகுக்குச் சொல்லியிராவிட்டால் எத்தனை கணிப்பொறிகள் திறந்து கிடந்திருக்குமோ! துளைத்தவர்களும் அதே கூட்டம்தான் என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. அங்கே மனிதப் பெயர்களாவது இருந்தன. களைத்தவனை மேலும் களைக்க வைக்கும் அந்தக் காரியத்தை, கெட்ட எண்ணம்கூட இல்லாமல், செலவுமில்லாமல் தினம் செய்ய நாமே யந்திரத்தை நியமிக்கிறோம்.

அனுப்புகிறவனுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. படிக்கிறவனுக்கு ஓர் இரவு போகிறது. கேட்க வேண்டுமானால், அந்தப் பிழையைத் தானே ஒருமுறை சோதித்துப் பார்த்த மனிதன் தன் பெயரிட்டுக் கேட்கட்டும்.

"ஒண்ணுகூடவா மனுஷன் எழுதலே?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு மாமா. யாரோ ஒரு வாத்தியார். அச்சில் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி விழுதாம். படமும் அனுப்பியிருக்கார்."

41-ஐயும் அழித்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் அதைத் திறந்தான்.