பழித்தவர்கள் விட்டுச்சென்ற வரலாறு

அண்மையில் விருது பெற்ற கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் வாதத்தை நண்பர்கள் பலர் முடிந்த முடிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டமும் சூதும் முகமூடியுமாகக் களித்திருந்த ஐரோப்பிய நாட்டார் விழாக்களின் குரல்வளையைக் கிறித்தவம் நெரித்துவிட்டது என்பது அந்த வாதம். கார்னிவல் சிரிப்பைக் கோட்பாடாக்கிய ரஷ்ய அறிஞர் பக்தினின் ரபேலே ஆய்வைப் பாதியில் மூடிவைத்தவர்களுக்கு இது இனிக்கும். எங்களால் ஏற்க முடியவில்லை.

அந்த விழாக்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவற்றை வெறுத்தவர்கள் எழுதிவைத்தது. ஜனவரி முதல் நாளில் ஆண்கள் மான் வேடமிட்டு ஆடியதை ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் சிசாரியுஸ் திட்டித் தீர்த்தார். அந்த வசவில்தான் மான் வேடம் பிழைத்துக் கிடக்கிறது. இங்கிலாந்தில் மே மாதக் கம்பத்தை இருபது, நாற்பது ஜோடி எருதுகள் இழுத்து வந்ததை 1583இல் எழுதியவர் பிலிப் ஸ்டப்ஸ். கம்பத்தை நாறும் விக்கிரகம் என்று வைத அதே மனிதர்தான், ஒவ்வோர் எருதின் கொம்பு நுனியிலும் பூச்செண்டு கட்டியிருந்ததையும் கவனித்தார். இந்த நூலாசிரியர் அந்தப் பூவை எடுத்துக்கொள்கிறார், பார்த்த கண்ணை விட்டுவிடுகிறார்.

திருச்சபை ஒரே குரலில் பேசியதும் கிடையாது. 601இல் பாப்பரசர் கிரகோரி, பழைய கோயில்களை இடிக்கும்படி கென்ட் அரசருக்கு எழுதினார். அதே ஆண்டில் துறவி மெல்லிட்டுஸுக்கு எழுதியபோது, கோயிலை விட்டுவிட்டுச் சிலைகளை மட்டும் அகற்றச் சொன்னார்; மக்கள் தழைப்பந்தல் போட்டு, மாடறுத்து, கடவுளைப் புகழ்ந்து விருந்துண்ணட்டும் என்றார். 742இல் ஜெர்மானியரிடையே ஊழியம் செய்த பொனிபாஸ், ரோமில் புனித பேதுரு ஆலயத்துக்குப் பக்கத்திலேயே புத்தாண்டுக் கூத்து நடக்கிறதே என்று பாப்பரசர் சகரியாவிடம் முறையிட்டார். அன்றைக்கு நெருப்பையோ கருவியையோ அண்டை வீட்டாருக்கு இரவல் தர மாட்டார்களாம். விளக்கு வைத்தபின் உப்பு கடன் தராத வீடுகளில் வளர்ந்த நமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி! முறையீடு இல்லையேல் செய்தியும் இல்லை.

எங்கள் நெடுநாள் ஆசான் அமாசியாவின் ஆயர் ஆஸ்தேரியுஸ். கி.பி. 400 புத்தாண்டையொட்டி அவர் ஆற்றிய பேருரை பலமுறை படிக்கத் தக்கது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய், வெள்ளித் தகடு ஒட்டிய பழத்தை நீட்டி, அதன் விலையைவிடக் கூடுதலாகக் காசு வாங்குகிறார்கள். பேராசையின் முதல் பாடம் அது என்று வருந்துகிறார். படைவீரர்கள் பெண் உடை தரித்துக் கூத்தடிக்கிறார்கள். அன்று நகரத்துக்குள் வந்துவிட்ட உழவனோ கேலிக்கும் அடிக்கும் ஆளாகிறான், கையில் இருந்ததையும் பறிகொடுக்கிறான்.

கார்னிவல் கோட்பாட்டில் இந்த உழவனுக்கு எங்கே இடம்? விழாவின் சிரிப்பு எப்போதும் அதிகாரத்தை நோக்கியே பாயும் என்று நம்புகிறவர்கள், அது ஏழையின் முதுகில் விழுந்த நாள்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆயர் விக்கிரக ஆராதனையைக் கண்டித்தார், சரி. கூடவே அடிபட்டவனையும் பார்த்தார். அவனுக்காக நகரத்தில் வேறு யார் பேசினார்கள்?

தடைகளுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. 1659இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றது. அதே ஆணையில் சீட்டுக்கும் பகடைக்கும் அதே தண்டம். 1681இல் அந்தத் தடை நீங்கியது நல்லதே. ஆனால் நான்காம் நூற்றாண்டில் எல்விராவில் கூடிய ஆயர் சங்கம், காசு வைத்துப் பகடை ஆடுகிறவனை நற்கருணையிலிருந்து விலக்கி, ஆட்டத்தை விட்டால் ஓராண்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றதை எந்த மனத்தோடு மக்கள் விரோதம் என்பது? சூதில் வீடிழந்த குடும்பத்தைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். 1569இல் லண்டன் புனித பவுல் ஆலயத்தின் மேற்கு வாசலில் பரிசுச்சீட்டுக் குலுக்கல் நடந்தது; நடத்தியது எலிசபெத் அரசு, துறைமுகச் செலவுக்குப் பணம் திரட்ட. சூதைத் தடுத்தவர்மீது பக்கம் பக்கமாகப் பாயும் நூல், சூதை விற்ற அரசுகளைப் பற்றி ஒரு பத்திகூட எழுதவில்லை.

அடுத்த இதழில் ஆஸ்தேரியுஸின் உரையை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிடுகிறோம். மறுக்க விரும்புவோர் அதைப் படித்துவிட்டு எழுதட்டும்; பக்கங்கள் ஒதுக்கித் தருகிறோம்.