மூச்சு வாங்குதா? ‘கேஸ்’ என்று கடந்துவிடாதீர்கள்!

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ‘வெயிட் போட்டுட்டேன்’ என்று ஒரு சிரிப்பு. நெஞ்சு அடைக்கிறதா? ‘கேஸா இருக்கும்’ என்று ஒரு சோடா. பலருக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடுகிறது.

பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். போன மாதம் பேசிக்கொண்டே ஏறிய இரண்டு மாடிக்கு, இப்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறதா? இதயம் திணறுவதன் அறிகுறியாக இருக்கலாம். பெண்கள் ரத்தசோகையையும் சந்தேகிக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு, மாதக்கணக்கில் ‘டயர்டா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருப்பானேன்?

ஆஸ்துமாக்காரர்களின் சிக்கல் வேறு. ‘இன்ஹேலர் பழகிடும்’ என்று பயந்து பைக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார்கள். அது போதை இல்லை. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும்.

திடீரென ஒருவருக்குத் திணறினால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, லேசாக முன்னால் சாயச் சொல்லுங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவதும் உதவும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் கூகுளில் தேட நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவதெல்லாம் வேண்டாம்.