ஒரு சொட்டு ரத்தமும் ஒரு துண்டு பஞ்சும்!

பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டிருந்தார் அந்த அத்தை. பக்கத்தில் காய் நறுக்கிக் கொண்டிருந்த மருமகள்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயையோ, கை பாத்திரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு அத்தை! சுடலையா?"

"எங்கேடி?" என்று திருப்பிப் பார்த்தார் அத்தை. சுண்டுவிரல் ஓரமாகத் தோல் வெந்து போயிருந்தது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை!

எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம் இது. படித்தவர்கள், சொந்த வீடு, வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப் செய்துகொள்கிறவர்கள். அத்தைக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு தேமல் மூன்று வருஷமாகவே இருந்திருக்கிறது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீம்களைத் தடவிக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

டாக்டரிடம் போனபோது சந்தேகம் சொல்லப்பட்டது. தொழுநோய். உடனே மகன் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "டாக்டர், ஏதாவது பிளட் டெஸ்ட் எடுத்து 'இது அது இல்லை'ன்னு சொல்லிடுங்களேன்!"

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

நாம் எல்லோருமே ரத்தப் பரிசோதனைக்குப் பழகிவிட்டோம். சர்க்கரையா? ஒரு சொட்டு ரத்தம். மலேரியாவா? ஒரு சொட்டு ரத்தம். தொழுநோய்க்கும் அதேபோல விரலைக் குத்தி, சில நிமிஷங்களில் விடை சொல்லும் 'விரைவு டெஸ்ட்' உண்டு என்று கேள்விப்பட்டதும் மனசு துள்ளுகிறது. உண்மைதான், அப்படிப்பட்ட டெஸ்ட்கள் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் அதை நம்பினால், பால் பாத்திரம் சுட்ட கதைதான்!

கிருமியின் குணம்

நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1873-ல். ஆனாலும், இன்றுவரை இதைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற பிராணியின் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். சோம்பேறிக் கிருமி! வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சில கிருமிகள் 20 நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். இதற்கு ஏறக்குறைய 2 வாரம் வேண்டும். உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய சராசரியாக 5 வருஷம். சிலருக்கு 20 வருஷம்கூட ஆகலாம்.

அந்த நீண்ட இடைவெளியில்தான் நரம்பு பாதிக்கப்படத் தொடங்குகிறது. வெளியே தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஆசையில் பிறந்ததுதான் ரத்தப் பரிசோதனை.

கிருமியின் மேலுறையில் இதற்கே உரிய ஒரு கொழுப்புப் பொருள் உண்டு. 'பி.ஜி.எல்.-1' என்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்டது. அதை எதிர்த்து நம் உடம்பு 'ஆன்டிபாடி' தயாரிக்கும். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே இந்த டெஸ்ட். கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போலவே கோடு விழும். லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

கோடு சொல்லாத கதை

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது.

தொழுநோயில் இரண்டு தினுசு. கிருமி ஏராளமாக இருக்கும் வகை ஒன்று. உடம்பில் பல இடங்களில் தேமல், தடிப்பு எல்லாம் இருக்கும். இவர்களுக்கு ஆன்டிபாடியும் நிறைய ஊறும். டெஸ்ட்டில் கோடு பளிச்சென்று விழும். இன்னொன்று, கிருமி மிகக் குறைவாக இருக்கும் வகை. ஒன்றிரண்டு தேமல், ஏதாவது ஒரு நரம்பில் வீக்கம், அவ்வளவுதான். இவர்களில் பெரும்பாலோருக்கு டெஸ்ட் 'நெகடிவ்' என்றே வரும். நோய் இருக்கும்... கோடு இருக்காது!

நம் அத்தை இந்த இரண்டாவது வகை. அவருக்கு அந்த டெஸ்ட் எடுத்திருந்தால் 'ஒன்றுமில்லை' என்று வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மகன் சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார். இன்னும் இரண்டு விரல்கள் மடங்கிய பிறகுதான் திரும்பி வந்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த ஆரோக்கியமான ஒருவருக்கு 'பாசிட்டிவ்' வரலாம். அதற்கு அர்த்தம், அவர் உடம்பு அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதுதான். மற்றவர்களைவிட அவருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், நிஜம். ஆனால், அப்படி பாசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொழுநோய் வருவதே இல்லை. நம்மில் 100-க்கு 95 பேருக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்பது மருத்துவர்களின் கணக்கு.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். வராத நோய்க்கு வாழ்நாள் தண்டனை! அதனால்தான், இந்த டெஸ்ட்டை மாஸ்டர் செக்கப் பட்டியலில் ஓர் ஐட்டமாகச் சேர்த்து விற்கக்கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தோலையும் நரம்பையும் பரிசோதிப்பதற்குப் பதிலாக எந்த ரத்தப் பரிசோதனையையும் சிபாரிசு செய்யவில்லை.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம்! புதிய நோயாளிகள் எண்ணிக்கையில் இந்தியாவுக்கு அடுத்தபடியாக இருக்கும் பிரேசிலைப் பாருங்கள். அந்த நாட்டு அரசு, 2020-களின் தொடக்கத்தில் இந்த விரைவு டெஸ்ட்டைத் தன் பொது மருத்துவத் துறையில் சேர்த்துக்கொண்டது. யாருக்கு? ஊர் முழுக்க எல்லோருக்கும் அல்ல. நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு மட்டும். பாசிட்டிவ் வந்தால் 'உனக்கு நோய்' என்று முத்திரை குத்துவதில்லை. அவர்களைக் கூடுதல் கவனத்தோடு கண்காணிக்கிறார்கள்.

இதுதான் புத்திசாலித்தனமான வழி. ரத்த டெஸ்ட் யாரைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். நோய் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நம் நாட்டிலும் இது அரசுத் திட்டத்தின் கையில், குடும்பத்தாருக்கு மட்டும், ரகசியம் காக்கப்பட்டு வருமானால் இரு கை கூப்பி வரவேற்கலாம்.

'நம் நாட்டில்தான் தொழுநோயே ஒழிந்துவிட்டதே?' என்று கேட்கிறீர்களா? 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது உண்மை. அது 'குறைந்தது' என்ற கணக்கு. 'ஒழிந்தது' என்ற கணக்கு அல்ல. 2023-ஆம் வருஷத்தில் மட்டும் இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் மொத்தப் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல்!

பைசா செலவில்லாத பரிசோதனை

சரி, அத்தையின் டாக்டர் என்ன செய்தார்? ஒரு துண்டு பஞ்சை எடுத்து நுனியைத் திரித்தார். "கண்ணை மூடிக்குங்கம்மா. நான் தொடற இடத்தை விரலால காட்டுங்க" என்றார். மற்ற இடங்களில் சரியாகக் காட்டிய அத்தை, தேமலைத் தொட்டபோது பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டர் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தார். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. முடிந்தது!

இதை வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். ஊசி குத்துவது, சூடு வைப்பது போன்ற விபரீதங்கள் மட்டும் கூடவே கூடாது. இவற்றைக் கவனியுங்கள்:

* வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொடு உணர்ச்சி குறைவு.

* தேமல் உள்ள இடத்தில் வியர்க்காமல் இருப்பது, ரோமம் உதிர்வது.

* கை, கால் மரத்துப் போவது. சூடு தெரியாமல் கொப்புளம் வருவது.

* சுண்டுவிரல் மடங்குவது, பட்டன் போட முடியாமல் போவது, செருப்பு காலிலிருந்து தானாக நழுவுவது.

ஒன்று இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தோல் டாக்டரிடமோ போய்விடுங்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து ஆரம்பித்ததுமே மற்றவர்களுக்குப் பரவும் அபாயம் வேகமாகக் குறைந்துவிடும். தனித் தட்டு, தனி டம்ளர், தனி ரூம் எதுவும் வேண்டாம். வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் ரிஃபாம்பிசின் மருந்து ஒரே ஒரு வேளை கொடுப்பதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வெண்குஷ்டம்' என்று நம் வாய் பழகிவிட்ட வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. அது ஒட்டுவதும் இல்லை. அந்தப் பழைய வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள்!

எந்த டெஸ்ட்டும் பிடிக்காத நோய்

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமியைக் கண்டுபிடிக்க டெஸ்ட் வந்துவிட்டது. வெட்கத்தைக் கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லை.

மூன்று வருஷம் அத்தை ஏன் மூடி வைத்தார்? தெரியாததால் மட்டுமல்ல. "உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துது. சொன்னா பேத்தி கல்யாணம் என்னாகும்னு பயந்தேன்" என்றார், எல்லாம் முடிந்த பிறகு. சட்டம்கூட மாறிவிட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட இடம் தந்த பிரிவுகளை 2019-ல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில்தான் அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது!

இது பரம்பரை நோய் அல்ல. பாவத்தின் சம்பளமும் அல்ல. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது மூச்சுக் காற்றின் வழியாகப் பரவும் ஒரு கிருமி. அவ்வளவே.

அத்தைக்கு நோய் குணமாகிவிட்டது. மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். ஆனால், மடங்கிய சுண்டுவிரல் முழுசாக நிமிரவில்லை. இப்போதும் பால் பாத்திரத்தைத் துணி பிடித்துத்தான் இறக்குகிறார். முதல் வருஷமே வந்திருந்தால் அந்த விரல் தப்பித்திருக்கும் என்றார் டாக்டர்.

ரத்த டெஸ்ட் வரும்போது வரட்டும். இன்று ராத்திரி குளித்துவிட்டுத் துவட்டும்போது, ஒரு நிமிஷம் கண்ணாடி முன் நின்று உங்கள் தோலைப் பாருங்கள். முதுகைப் பார்க்க வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அப்படியே, நம் வீட்டுப் பெரியவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள்: "எங்கேயாவது தேமல் இருக்கா? தொட்டா தெரியுதா?"

கேட்க வெட்கப்பட வேண்டாம். அவர்கள் நீங்கள் கேட்பதற்காகவே காத்திருக்கலாம்!