செல்கள் செத்தது சரி, நல்ல செல்கள் பிழைத்ததா?

கல்லீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கு. கட்டியைக் கொல்லும் அளவுக்கு டோஸைக் கூட்டினால், பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லீரலும் கெட்டுப்போகும். நோயாளிகள் பலருக்கு சிரோசிஸால் கல்லீரல் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். அதனால்தான், டோஸைக் கூட்டாமல் புற்று செல்களை மட்டும் பலவீனமாக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அதற்கு ஒரு வழி, ஜீன் சைலன்ஸிங்.

அது என்ன?

கதிர்வீச்சு, செல்லின் டிஎன்ஏ-வை உடைக்கும். உடைந்ததை ஒட்டவைக்க செல்லுக்குள் ஒரு ரிப்பேர் டீம் உண்டு. ஏடிஎம், ராட்51 போன்ற புரதங்கள்தான் அந்த டீம். இந்தப் புரதங்களைத் தயாரிக்கும் உத்தரவு, மரபணுவிலிருந்து ஆர்என்ஏ வடிவில் வருகிறது. அந்த ஆர்என்ஏ-வை வழியிலேயே மடக்கி அழித்துவிட்டால்? மரபணு அப்படியே இருக்கும், ஆனா அது போட்ட உத்தரவு போய்ச் சேராது. ரிப்பேருக்கு ஆள் இல்லாத செல், அதே டோஸில் சீக்கிரம் சாகும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கல்லீரல் புற்று செல்களில் இது நடக்குது.

வெறும் கனவா?

இல்லை. ஆர்என்ஏ குறுக்கீட்டைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையில் உருவான முதல் மருந்தான பாட்டிசிரான், ஒரு பரம்பரை நரம்பு நோய்க்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்ளிசிரான் ஊசியும் இதே வகைதான். இரண்டுமே வேலை செய்யும் இடம் கல்லீரல்.

அப்போ என்ன தடை?

இங்கேதான் விஷயமே இருக்கு. அந்த மருந்துகள் நல்ல கல்லீரல் செல்லுக்குள் போவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. நமக்கு வேண்டியது நேர் எதிர்: புற்று செல்லுக்குள் போகணும், நல்ல செல்லைத் தொடக்கூடாது. நல்ல செல்லின் ரிப்பேர் டீமையும் முடக்கிவிட்டால், எதைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே போய்விடும்.

எனவே ‘புற்று செல்கள் அழிந்தன’ என்ற ஒரு வரியை வைத்து ‘புதிய சிகிச்சை வந்தாச்சு’ என்று தலைப்பு போடுவது நியாயமில்லை. அந்தச் செய்தி ஒரு நோயாளியின் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகும். அதை நம்பி, கையில் இருக்கும் சிகிச்சையை யாராவது தள்ளிப்போட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

ஆராய்ச்சி தொடரட்டும், அதற்குப் பணமும் கிடைக்கட்டும். ஆனா அடுத்த முறை இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால், ஃபார்வர்ட் பண்ணும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? நல்ல செல்களுக்கு என்ன ஆச்சு?