பதினாறாவது சுற்று

பிரிவு உபசார விழாவில் என் பெயரை மைக்கில் வாசித்தார்கள். "3000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் மூன்றாம் இடம்." எல்லாரும் கைதட்டினார்கள். மேடையேறி ஷீல்டை வாங்கினேன். போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தேன். மூன்றாம் இடமாம்! நான் ஓடியது 3000 மீட்டரே இல்லை ஐயா, 3200. அன்றைக்கு அந்த மைதானத்தில் அவ்வளவு தூரம் ஓடியவள் நான் ஒருத்திதான்.

விவரமாகவே சொல்கிறேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

முறையான மைதானத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். 3000 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. எங்களுக்கு வாய்த்தது ஒரு பள்ளிக்கூடத்து மண் மைதானம். சுண்ணாம்புக் கோடு இழுத்த 200 மீட்டர் வளையம். ஆக, 15 சுற்று. ஏழெட்டுச் சுற்று முடிவதற்குள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்னால் போகிறவள் அவர்களைத் தாண்டிப் போவாள். அப்புறம் யார் முதல், யார் கடைசி என்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் புரியவே புரியாது. அதனால்தான் 1500 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் என்றால் ஒவ்வொருவர் சுற்றையும் குறித்துவைக்க வேண்டும் என்று தடகள விதியே இருக்கிறது. எங்கள் அத்தனை பேருக்கும் சுற்று எண்ண இருந்தவர் ஒரே ஒருவர். கையில் ஒரு பரீட்சை அட்டை, ஒரு பேனா. நடுவில் அவருக்கு டீ வேறு வந்தது.

பதினோராவது சுற்றில் நான் மூன்று பேரைத் தாண்டினேன். தாண்டிய கையோடு அவர்களோடு சேர்ந்தே கோட்டைக் கடந்திருக்கிறேன். அந்த மூன்று பேரோடு என்னையும் நாலாவது ஆளாக, ஒரு சுற்று பின்தங்கியவளாக எழுதிவிட்டார் மனுஷர். எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த உயிரையெல்லாம் காலில் கொண்டுவந்து இழுத்தேன். பாதிச் சுற்று போன பிறகு எனக்குப் பின்னால் மணி கேட்டது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அடித்த மணி! கோட்டை மிதித்து நின்றேன். "ஏய், இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, ஓடு ஓடு" என்று அட்டையை ஆட்டினார்.

"முடிச்சிட்டேன் சார்."

"எனக்குச் சொல்லித்தரியா? ஓடும்மா!"

ஓடினேன். அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் பழக்கியிருந்தார்களே, அந்தப் பழக்கத்தில் ஓடினேன். எல்லாம் தீர்ந்துபோன கால்கள். பாதி வழியில் அந்தப் பிள்ளை கோட்டைக் கடக்க, அவளுக்குக் கைதட்டல் எழுந்தது. எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டே நானே அதைப் பார்த்தேன். நான் தள்ளாடி வந்து சேர்வதற்குள் இன்னொருத்தியும் முடித்துவிட்டாள். முதலிடம் வந்தவளை மாநிலப் போட்டிக்கு அனுப்பினார்கள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. 15 சுற்று ஓடச் சொன்னார்கள், ஒழுங்காக ஓடினாள்.

எங்கள் பி.டி. சாரிடம் போய் அழுதேன். அவருக்கும் தெரியும். அவர் கண்ணே சொன்னது. ஆனால் வாய் சொன்னது வேறு: "விடும்மா. அவங்க நடத்துற மீட். அடுத்த வருஷமும் நம்ம பிள்ளைங்க இங்கதான வரணும்?"

அடுத்த வருஷமா? நான் ப்ளஸ் டூ சார்!

இதே சார்தான் எட்டாம் வகுப்பில் என்னை ஓட வைத்தவர். 100, 200 மீட்டருக்குப் பெயர் கொடுக்க அடிதடி நடக்கும். 1500 என்றால் வகுப்பே குனிந்துகொள்ளும். ஆள் கிடைக்காமல் என் பெயரை எழுதினார். அப்படி ஆரம்பித்தது ஐந்து வருஷம். விடியற்காலை ஐந்து மணிக்கு பைபாஸ் ரோட்டில் நான் ஓட, பின்னால் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் நாய் விரட்டிக்கொண்டு வருவார். வெறுங்காலில் நெருஞ்சி முள். அப்புறம் அக்கா ஒருத்தி விட்டுப்போன ஸ்பைக்ஸ், ஒரு சைஸ் பெரிது, முனையில் துணி அடைத்துக்கொள்வேன். பிராக்டிஸுக்குப் போனால் ஸ்பெஷல் கிளாஸில் திட்டு. ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனால் கிரவுண்டில் திட்டு. அம்மா ராத்திரி ஊறவைக்கும் கொண்டைக்கடலையில் தம்பிக்குப் பங்கு கிடையாது. இத்தனையையும் ஒருவர் பேனாவால் ஒரு கோடு போட மறந்து அழித்துவிட்டார்.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். கால் உள்கோட்டைத் தாண்டி உள்ளே பட்டது என்று தகுதிநீக்கம் செய்து வெண்கலத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஒரு காலடியைக்கூடக் கண்டுபிடிக்கிற விளையாட்டு இது. என்னுடைய 200 மீட்டர் முழுசாகத் தொலைந்துபோனது, ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பரீட்சை முடிந்த பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். முடிவு அறிவித்த 30 நிமிஷத்துக்குள் நடுவரிடம் முறையிடலாமாம். வாயால் சொன்னாலே போதுமாம். ஓடியவளே போய்ச் சொல்லலாமாம்! அந்த 30 நிமிஷமும் நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எப்படி ஓட வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், எங்கே முந்த வேண்டும் என்று ஐந்து வருஷம் சொல்லித்தந்தவர்கள், "நீ வாய் திறந்து கேட்கலாம்" என்ற ஒரு வரியைச் சொல்லித்தரவில்லையே!

போன வாரம் ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போனோம். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஸ்டேட் சர்ட்டிபிகேட் இல்லையா?" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை.

அன்றைக்கு என் தோழி புளியமரத்தடியில் உட்கார்ந்து, நான் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகச் செய்த காரியம். அதைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஷீல்டை நான் பரணில் போட்டுவிட்டேன். முடிச்சு என் பையிலேயே இருக்கிறது. மூன்றாம் இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள், அவிழ்த்துத் தருகிறேன். 16 கொட்டை இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்.