டப்ளின் சந்தையின் மேல் விழுந்த பழி

ஆங்கிலத்தில் கூச்சலும் அடிதடியுமாக நடக்கும் கைகலப்புக்கு ‘டானிபுரூக்’ என்று ஒரு சொல் உண்டு. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்கள் மட்டையைப் போட்டுவிட்டு மோதிக்கொண்டால் அமெரிக்க நாளேடுகள் இப்படித்தான் எழுதும். உண்மையில் அது ஓர் ஊரின் பெயர். இன்று அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் தென்புறத்தில் ஒரு பகுதி. ஐரிஷ் மொழியில் ‘புனித ப்ரோக்கின் தேவாலயம்’ என்று பொருள். இவ்வளவு சாந்தமான பெயர் சண்டைக்கு ஆகிவந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1204இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் அளித்த உரிமையின் பேரில் அங்கே ஆண்டுதோறும் சந்தை கூடியது. குதிரை வியாபாரம், கூடாரங்களில் விஸ்கி, பிடில் இசை, விடிய விடிய ஆட்டம். உழைத்துக் களைத்த ஏழைகளுக்கு அதுதான் திருவிழா. போதை ஏறியபின் தடியெடுத்து அடித்துக்கொண்டார்கள் என்பதும் மெய்தான். மதுவிலக்கு இயக்கத்தாரும் நகரத்துப் பெரிய மனிதர்களும் விடாமல் எதிர்த்தார்கள். பணம் திரட்டிச் சந்தை உரிமையை விலைக்கு வாங்கி 1855இல் அதை ஒழித்தார்கள்.

அறுநூற்றைம்பது ஆண்டுச் சந்தையில் ஆங்கிலம் எடுத்துவைத்துக்கொண்டது அடிதடியை மட்டுமே. ஐரிஷ்காரன் என்றாலே குடிகாரன், முரடன் என்று 19ஆம் நூற்றாண்டு லண்டன் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. ‘பஞ்ச்’ இதழ் அவர்களைக் குரங்காகவே வரைந்தது. அந்த இளக்காரத்தின் மிச்சம் இந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது. பொருள் சொல்லும் அகராதிகள் அந்தக் குதிரைகளையும் பிடிலையும் சேர்த்துச் சொல்லட்டும்.